பார்டர் டெரியர்: கையால் பார்த்து வளர்க்க வேண்டிய நாய்

கண்காட்சியில் பார்டர் டெரியரைச் சோதிக்கும் நடுவர், பல்லையும் நடையையும் பார்ப்பதோடு இன்னொன்றும் செய்வார். நாயின் தோளுக்குப் பின்னால் இரண்டு கைகளையும் மேலிருந்து சுற்றிக் கொடுப்பார். முதுகெலும்பின் மேல் கட்டைவிரல்கள் முட்ட வேண்டும். மார்புக்கு அடியில் விரல்நுனிகள் சந்திக்க வேண்டும். அந்தப் பிடிக்குள் நெஞ்சு அடங்காவிட்டால், முகம் எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் அது நல்ல பார்டர் இல்லை. நரி வளைக்குள் அந்த உடம்பு போகாது.

இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையில் கிடக்கும் செவியட் மலைகளும் அதை ஒட்டிய கோக்கெட்டேல், ரீட்ஸ்டேல் பள்ளத்தாக்குகளும்தான் இதன் சொந்த ஊர். ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிப்போகும் நரியை ஒழிக்க அங்குள்ள செம்மறி விவசாயிகள் வளர்த்த நாய் இது. காலை முதல் மாலை வரை குதிரைக்கும் வேட்டைநாய்க் கூட்டத்துக்கும் ஈடுகொடுத்து மேட்டிலும் சேற்றிலும் ஓட வேண்டும். அதற்குக் கால் கொஞ்சம் நீளம். நரி வளைக்குள் பதுங்கிவிட்டால் உள்ளே போய் வெளியே கிளப்ப வேண்டும். அதற்கு நெஞ்சு ஒடுக்கம், தோல் தடிப்பு. தலை நீர்நாயின் தலைபோல இருக்கும். எடை ஆணுக்கு 5.9 முதல் 7.1 கிலோ, பெட்டைக்கு 5.1 முதல் 6.4 கிலோ. பிரிட்டனின் கென்னல் கிளப் இதை 1920-இல் தனி இனமாக ஏற்றது, அமெரிக்கன் கென்னல் கிளப் 1930-இல். நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதை ஸ்காட்லாந்து 2002-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடை 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தொழில் போனாலும் நாய் அப்படியேதான் இருக்கிறது. அதை மறந்துவிட்டு வளர்ப்பவர்கள்தான் திண்டாடுகிறார்கள்.

குணத்தில் மற்ற டெரியர்களிலிருந்து இது கொஞ்சம் விலகி நிற்கும். ஜாக் ரஸ்ஸல்போல நாள் முழுக்கத் துள்ளாது. காரணமில்லாமல் குரைப்பது குறைவு. வேட்டையில் பெரிய நாய்க் கூட்டத்தோடு சேர்ந்தே திரிந்த இனம் என்பதால், சக நாயைப் பார்த்தவுடன் எகிறும் டெரியர் புத்தி இதற்கு அவ்வளவாக இல்லை. தானாக வம்புக்குப் போகாது. வந்த வம்பை விடவும் விடாது. ஆட்களிடம் எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும். காவலுக்கு என்று வாங்குபவர்கள் ஏமாந்து போவார்கள், திருடனுக்கும் வாலாட்டும் ரகம்.

அதட்டினால் காரியம் நடக்காது என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். குரலை உயர்த்தினால் சில டெரியர்கள் எதிர்த்துக் குரைக்கும். பார்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காதை ஒட்டவைத்து, இடத்தைவிட்டு நகராமல் உட்கார்ந்துவிடும். 'பிடிவாதம்' என்று பலர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சாப்பாட்டின் மேல் இதற்கு இருக்கும் ஆசையே போதும். வேகவைத்த கோழித் துண்டு பட்டாணி அளவுக்கு, ஒரு தடவைக்குப் பத்து, ஐந்து நிமிடப் பயிற்சி, ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை. அதற்கு மேல் இழுத்தால் கவனம் போய்விடும்.

குறைவாகக் குரைக்கிறது, குழந்தைகளோடு பதமாக இருக்கிறது என்பதை வைத்து 'சாதுவான நாய்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அணில் ஒன்று சாலையைக் கடக்கும்வரை அந்த முடிவு நிற்கும். துரத்த ஆரம்பித்த பார்டருக்குக் காது கேட்காது, கார் தெரியாது. குட்டியிலிருந்து கூடவே வளர்ந்த பூனையோடு ஒத்துப்போகும், அடுத்த வீட்டுப் பூனைக்கு அந்தச் சலுகை கிடையாது. வெள்ளெலி, கினிப் பன்றி, முயல் இருக்கும் வீட்டில் இரண்டு கதவு இடைவெளி எப்போதும் வேண்டும். இது பயிற்சியால் போகும் குணமல்ல. வேலி இல்லாத இடத்தில் 10 மீட்டர் நீளக் கயிறு, அதுவும் கழுத்துப்பட்டையில் இல்லாமல் மார்புப்பட்டையில் கோத்தது, இதுதான் வழி. கழுத்துப்பட்டை ஏன் ஆகாது என்றால், பார்டரின் கழுத்து பலமானது, தலை அதைவிடப் பெரிதாக அகன்றதில்லை. பின்னால் நகர்ந்து தலையைக் குனிந்தால் பட்டை காது வழியாக உருவி வந்துவிடும். முடி முற்றி அடர்ந்திருக்கும்போது அளவெடுத்துப் பூட்டிய மார்புப்பட்டையும், முடி எடுத்த மறுநாள் ஒரு துளை அளவுக்குத் தளர்ந்துவிடும். அன்றைக்கே மறுபடி சரிசெய்யுங்கள்.

தோட்டத்து வேலியை மேலே பார்க்காதீர்கள், கீழே பாருங்கள். ஏறிக் குதிப்பதைவிடத் தோண்டிப் போவதுதான் இதன் வழி. வேலியின் அடியில் கம்பி வலையை 'எல்' வடிவில் மடித்து, 30 சென்டிமீட்டர் தோட்டத்தின் உள்பக்கமாகத் தரையில் படியவைத்து மண் மூடினால் போதும். நாய் வேலி ஓரத்தில்தான் தோண்டும், தோண்டினால் வலை தட்டும், இரண்டடி பின்னால் வந்து தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. குட்டிக்கு உள்ளங்கை அகல இடைவெளியே வாசல், வாயில்கதவின் அடியையும் மறக்காமல் பாருங்கள்.

நடக்கப் போன இடத்தில் வளைக்குள் போய்விட்டால்? கூட்டம் கூட்டி வாசலில் நின்று கத்துவதுதான் எல்லோரும் செய்வது. மேலே ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் உள்ளே இருக்கும் நாய்க்கு இன்னும் உற்சாகம். சத்தம் இல்லாமல் கொஞ்சம் தள்ளி நின்று காத்திருந்து, தலை தெரிந்ததும் பிடிப்பதே மேல். மண்ணுக்கு அடியில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்பதால் பட்டையில் மாட்டிய கருவியை நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் அந்த வளை, மண்ணைத் தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்குடையதாக இருந்தால் மண்வெட்டியோடு இறங்கவும் முடியாது. 1992-இன் பேட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் அதைத் தோண்டுவது குற்றம். பேட்ஜர் வளைகள் இருக்கும் காடு என்று தெரிந்தால் கயிற்றைக் கழற்றாதீர்கள், அவ்வளவுதான்.

மோப்பத்துக்கு வேலை கொடுத்தால் இந்த வேகம் பாதி தணியும். அமெரிக்கன் கென்னல் கிளப் 1994 முதல் நடத்தும் எர்த்டாக் சோதனையில் 9 அங்குலச் சதுரச் சுரங்கத்தில், கூண்டுக்குள் பத்திரமாக இருக்கும் எலியை மோப்பம் பிடித்துப் போக வேண்டும். ஜூனியர் நிலையில் 30 அடி, மூன்று திருப்பம். வீட்டில் அந்த வசதி வேண்டாம். புல்லில் ஒரு கைப்பிடி தீனியை இறைத்துத் தேடவிட்டால், அரை மணி நடைக்குச் சமமாகக் களைத்துவிடும். நடை நாளைக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். மலையேற்றம் என்றால் பாதி நாள்கூட வரும்.

இனி முடி. இதில்தான் இந்த நாயைப் பலர் கெடுக்கிறார்கள்.

பார்டருக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே சொரசொரப்பான கம்பிமுடி, அடியில் நெருக்கமான மென்முடி. மழைநீரும் சேறும் மேல்முடியில் நின்றுவிடும், தோலுக்குப் போகாது. மேல்முடி ஒவ்வொன்றும் வளர்ந்து முற்றி, வேரில் பிடி தளர்ந்தபின்னும் உதிராமல் அங்கேயே நிற்கும். அதைக் கையால் பிடுங்கினால்தான் அந்தக் குழியிலிருந்து புதுக் கம்பிமுடி வரும். கிளிப்பரால் வெட்டினால் செத்த முடியின் அடிக்கட்டை உள்ளேயே நிற்கும். மேலே தெரிவது மென்முடிதான். இரண்டு மூன்று முறை கிளிப்பர் பட்டபின் நிறம் வெளுத்து, பஞ்சுபோல மென்மையாகி, ஒரு சாரல் மழைக்கே நாய் தொப்பலாகும். 'கையால் எடுப்பது சித்திரவதை' என்று சிலர் பதறுவார்கள். முற்றாத முடியைப் பிடுங்கினால் சித்திரவதைதான். முற்றியதை எடுத்தால் பாதி நாய்கள் மேசையிலேயே தூங்கும்.

முற்றியதா என்று பார்க்கும் விதம் எளிது. முதுகில் நடுவகிடு எடுத்ததுபோல முடி இரண்டு பக்கமும் பிரிந்து விழும், நாய் பரட்டையாகத் தெரியும். தோளுக்கு மேலே நாலைந்து முடியை நுனியில் பிடித்து இழுங்கள். தடையில்லாமல் வந்தால் நேரம் வந்துவிட்டது. தோலும் கூடவே எழும்பினால் இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். பொதுவாக ஐந்தாறு மாதத்துக்கு ஒரு முறை வரும். வசந்தத்திலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் அமையும்படி வைத்துக்கொண்டால் கடுங்குளிரில் நாய் மேல்முடி இல்லாமல் நடுங்க வேண்டியிராது. குட்டிக்கு முதல் முறை ஐந்தாம் ஆறாம் மாதத்தில்.

ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே குளிப்பாட்டாதீர்கள். கழுவிய முடி வழுக்கும். வழுக்காத பாய் விரித்த மேசை, நல்ல வெளிச்சம், ரப்பர் விரலுறை இரண்டு (வங்கிக் காசாளர் நோட்டு எண்ணப் போட்டுக்கொள்வதே), கொஞ்சம் சாக்பீஸ் தூள். பிடரியில் ஆரம்பித்து முதுகு வழியாக வாலின் அடிவரை வாருங்கள். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, வலது கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஐந்து முதல் பத்து முடி, அதற்கு மேல் வேண்டாம். முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே, மணிக்கட்டைத் திருப்பாமல் கையை நேராக இழுங்கள். மணிக்கட்டு திரும்பினால் முடி நடுவில் ஒடியும். பிடுங்கியதை அவ்வப்போது வெள்ளைத் துணியில் போட்டுப் பாருங்கள்: வேர்ப்பக்கம் வெளிறி மெலிந்து முடிந்தால் சரி, கத்தரித்ததுபோல மொட்டையாக இருந்தால் நீங்கள் வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள். முடி பிடுங்க உதவும் பல் வைத்த ஸ்டிரிப்பிங் கத்தி வாங்கியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். புதுக் கத்தியின் பல் கூராக இருக்கும், உப்புத்தாளில் தேய்த்து மழுக்கிய பிறகே அதைத் தொட வேண்டும். கத்தியின் வேலை பிடிப்பது மட்டும்.

முதுகு முடிந்ததும் விலா, தோள், தொடை, மார்பு. வால் அடியில் தடித்து நுனியில் மெலிந்து காரட் வடிவில் இருக்க வேண்டும், அடிப்பக்கத்துத் தொங்கலை எடுத்தால் தானாக வரும். தலையில் உச்சியையும் கன்னத்தையும் ஒட்ட எடுத்து, மூக்கைச் சுற்றி மீசையும் கண்ணுக்கு மேல் துளி புருவமும் விட்டால் அந்த நீர்நாய் முகம் கிடைக்கும். வயிறு, தொடையிடுக்கு, ஆசனவாய்ப் பக்கம் பிடுங்கக் கூடாது, தோல் மெல்லியது; நுனி மழுங்கிய கத்தரி போதும். பாதத்துக்கு அடியில் விரலிடுக்கு முடியையும் அதிலேயே வெட்டிவிடலாம். முழு வேலைக்கு இரண்டு மூன்று மணி நேரமாகும். ஒரே நாளில் நாய் பொறுக்காவிட்டால் பிரித்துச் செய்யுங்கள், ஆனால் ஒரு வாரத்துக்குள் முடிக்காவிட்டால் முடி மேடுபள்ளமாக வளரும். தோல் லேசாகச் சிவப்பது சகஜம். சிவப்புப் புள்ளி புள்ளியாக எழும்பினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அன்றைக்கு ஷாம்பு வேண்டாம்.

எடுத்து முடித்ததும் மென்முடியோடு, உள்ளாடையில் நிற்பதுபோல நாய் நிற்கும். புது மேல்முடி மூட எட்டு முதல் பத்து வாரம். அதுவரை குளிரில் ஒரு சட்டை, உச்சி வெயிலில் நிழல். இப்படி ஆறு மாதத்துக்கு ஒரு முறை மொட்டையடிப்பது பிடிக்காதவர்கள், புதுமுடி வளர்ந்ததிலிருந்து வாரம் கால் மணி நேரம் உட்கார்ந்து நீளமானதை மட்டும் எடுத்துக்கொண்டே இருக்கலாம். வருடம் முழுக்க நாய் ஒரே மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால் இதுதான் சிறந்தது. காரணம் அழகு இல்லை: வாரம் ஒரு முறை உடம்பு முழுக்க விரல் படுகிறது. நாய்க்கு முடி திருத்தும் குரூமரிடம் விடுவதானால் 'கையாலா, கிளிப்பராலா' என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். 'டிரிம்' என்ற சொல்லுக்குள் இரண்டும் அடங்கிவிடும்.

விரல் படுவது ஏன் முக்கியம் என்றால், இந்த நாய் வலியை வெளியே காட்டாது. வளைக்குள் கடிபட்டும் பின்வாங்காத நாயையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததன் விளைவு. கால் நொண்டுகிறது என்று நமக்குத் தெரியும்போது பல நாள் ஆகியிருக்கும். பல் வேர் அழுகியும் தட்டைக் காலி செய்யும். 'சாப்பிடுகிறது, அதனால் ஒன்றுமில்லை' என்ற கணக்கு இங்கே செல்லாது. சோபாவில் ஏறுமுன் ஒரு நொடி தயங்குவது, ஒரே பக்கமாக மெல்வது, வழக்கமாகக் கிடக்கும் இடத்தை விட்டு வேறு அறையில் தனியே படுப்பது, விரல் ஓர் இடத்தில் பட்டதும் உதட்டை நக்குவது. இவ்வளவுதான் அது தரும் அடையாளம். இதைக் கண்டால் மருத்துவரிடம் போங்கள், அங்கே மேசையில் வாலாட்டினாலும் விடாதீர்கள்.

சாப்பாட்டுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 6.5 கிலோ நாய்க்கு, கருத்தடை செய்ததென்றால், நாளுக்கு ஏறத்தாழ 400 கிலோ கலோரி போதும். 100 கிராமில் 360 கிலோ கலோரி உள்ள உலர்தீனி என்றால் 110 கிராம். கோப்பையால் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள். சின்ன நாய்க்கு 20 கிராம் கூடினால் அது ஆறில் ஒரு பங்குக்கும் மேல். செடார் சீஸ் 20 கிராம் 80 கிலோ கலோரிக்கு மேல், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அடர்முடிக்கு அடியில் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாது. விலாவின் மேல் விரலை வைத்து, அழுத்தாமலே எலும்பை எண்ண முடிகிறதா பாருங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற மாற்றுச் சர்க்கரை கலந்த சூயிங்கம் எல்லா நாய்க்கும் விஷம். உலர்திராட்சை வைத்துச் சுடும் கிறிஸ்துமஸ் சமயத்து மின்ஸ் பை, உலர்திராட்சை கேக் எல்லாம் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

இந்த இனத்தில் அதிகம் காணப்படும் ஒரு நோயைச் சாப்பாட்டோடு சேர்த்தே பேச வேண்டும். திடீரென்று நாய் நின்ற இடத்தில் விறைக்கும், கால்கள் இழுக்கும், நடந்தால் தள்ளாடும், வயிறு கடகடக்கும். சில விநாடி, சிலசமயம் மணிக்கணக்கு. பார்ப்பவர் வலிப்பு என்றே நினைப்பார். ஆனால் கூப்பிட்டால் கண்ணைத் திருப்பிப் பார்க்கும், நினைவு தப்பாது. வலிப்பிலிருந்து பிரித்தறிய இதுவே முக்கியமான தடயம். நெடுங்காலம் இதை கேனைன் எபிலெப்டாய்டு கிராம்பிங் சிண்ட்ரோம், சுருக்கமாக சிஇசிஎஸ் என்றார்கள். ஸ்பைக் நோய் என்றும் பெயர். பிறகு நடந்த ஆய்வுகள், சில தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தோடு இதற்கிருக்கும் தொடர்பைக் காட்டின. கோதுமை, பார்லி, ரை மூன்றையும் அடியோடு நிறுத்தினால் பல நாய்களுக்கு இழுப்பு குறைகிறது அல்லது நின்றுவிடுகிறது.

'அடியோடு' என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தீனியை மாற்றிவிட்டு, மாத்திரையை ரொட்டித் துண்டில் பொதிந்து கொடுப்பார்கள். பல் சுத்தம் செய்யும் மெல்லும் குச்சியில் கோதுமை மாவு இருக்கும். பிரிட்டிஷ் சாசேஜில் ரஸ்க் தூள் கலந்திருக்கும். குழந்தை சாப்பிடும் நாற்காலிக்கு அடியில் டோஸ்ட் நொறுங்கிக் கிடக்கும். வரிசையும் முக்கியம்: முதலில் இழுப்பைக் கைபேசியில் படம் பிடியுங்கள், முகமும் பின்னங்காலும் தெரிகிறமாதிரி. மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் நாய் சரியாகிவிடும், வீடியோதான் அங்கே பேசும். அடுத்து, உணவை மாற்றுவதற்கு முன் குளூட்டன் எதிர்ப்பொருளுக்கான ரத்தச் சோதனை. மாற்றிய பிறகு எடுத்தால் அளவு இறங்கி, ஒன்றுமில்லை என்று வரும். அப்புறம் மாதக்கணக்கில் பொறுமை.

பித்தப்பையில் பித்தநீர் கூழாகக் கெட்டிப்படும் மியூகோசீல் என்ற கோளாறும் இந்த இனத்தில் அதிகம். நடுவயது தாண்டிய பார்டர் திரும்பத் திரும்ப வாந்தியெடுத்து, ஆசையாகத் தின்னும் நாய் தட்டை விட்டு விலகினால் அல்ட்ராசவுண்ட் கேளுங்கள். பித்தப்பை கிழிந்துவிட்டால் அவசர அறுவைதான். தடுப்பூசியில் லெப்டோஸ்பைரோசிஸைத் தவறவிட வேண்டாம், எலி பிடிக்கும் நாய்க்கு எலிச் சிறுநீரிலிருந்து வருவது அது. நத்தை, ஓடில்லா நத்தையைத் தின்னும் பழக்கம் இருந்தால் நுரையீரல் புழு தொற்றலாம். அதற்கான மருந்து வழக்கமான குடற்புழு மாத்திரைகள் பலவற்றில் இருக்காது. தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

குட்டி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் தாள் ஸ்லெம் சோதனை; ஸ்லெம் என்பது மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் பரம்பரை நோய். இந்த நோய் உள்ள குட்டிகள் எழுந்து நிற்கப் பழகும் இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே பின்பக்கம் கிடுகிடுவென ஆடும். தாய், தகப்பன் இரண்டும் மரபணுவைச் சுமந்தால் மட்டுமே குட்டிக்கு வரும், அப்போதும் நான்கில் ஒன்றுக்கு. ஒன்று சுமந்து மற்றது சுத்தமாக இருந்தால் நோய் வராது, அதனால் 'கேரியர்' என்ற சொல்லைப் பார்த்ததும் ஓட வேண்டாம். மற்றதன் முடிவைக் கேளுங்கள். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை இடைத்தரகர்கள் விற்கக் கூடாது. பிறந்த இடத்தில், தாயோடு பார்த்துத்தான் வாங்க வேண்டும். தாயின் நெஞ்சைச் சுற்றிக் கையை ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள், நெளியாமல் நிற்கிறதா என்றும் தெரிந்துவிடும்.

நன்றாக வைத்துக்கொண்டால் 12 முதல் 15 வருடம் இருக்கும். கருத்தடைக்குப் பிறகும் கிழப்பருவத்திலும் முடி மென்மையாகி, பிடுங்க வராமல் அடம்பிடிக்கும். மேசையில் அரை மணி நிற்க இடுப்பு ஒத்துழைக்காத பதினான்கு வயது நாய்க்குக் கிளிப்பர் போடுங்கள். நிறம் வெளுத்தால் வெளுத்துவிட்டுப் போகட்டும், அந்த வயதில் அது எந்தக் கண்காட்சிக்குப் போகப்போகிறது?